திரும்ப, திரும்பு

என் தம்பியிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அந்தக் கட்டடத்தின் லிஃப்டைத்தான் நலம் விசாரிப்பான். கூப்பிட்டவர் வாசலில் காத்திருப்பார். இவன் லிஃப்டுக்குள் நின்றுகொண்டு கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பான். இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். பள்ளிப் படிப்பை முடித்ததும் மின்வேலைப் பயிற்சிக்குப் போனான், அங்கிருந்து நேராக லிஃப்ட் கம்பெனிக்குப் போனான், இன்றுவரை அங்கேயே இருக்கிறான். ஊரில் பாதிப் பேர் மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் தன் தயவில்தான் என்று அவனுக்கு உள்ளூர ஒரு நினைப்பு.

கை பேசும், வாய் பேசாது. அவனுக்கு வேலை கேட்டுப் போனபோது பேசியது நான். இப்போது அவன் மனைவியாக இருப்பவளிடம் அவன் மனதில் இருந்ததைப் போய்ச் சொன்னதும் நான்தான். அவன் பக்கத்தில் நின்று தலையாட்டியதோடு சரி. அப்படிப்பட்டவன் எட்டுப் பிள்ளைகளுக்கு வாத்தியார் ஆவான் என்று யாராவது சொல்லியிருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன்.

நான் வேலை பார்ப்பது நூலகத்தில். யாரோ நன்கொடையாகக் கொடுத்த ரோபோ பெட்டி ஒன்று எங்கள் அலமாரியில் இரண்டு வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு சக்கரம், இரண்டு மோட்டார், ஒரு பேட்டரி, உள்ளங்கை அளவில் ஒரு சர்க்யூட் பலகை. கூடவே இருந்த புத்தகம் முழுக்க ஆங்கிலம், எழுத்து எறும்பு அளவு. திறந்து பார்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை. ஒருநாள் எனக்குக் குடை கொண்டுவந்து கொடுக்க வந்த தம்பி அதைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

"அக்கா, இது படுத்துக்கிட்ட லிஃப்ட்" என்றான். "அது மேல கீழ போகும், இது முன்ன பின்ன போகும். அவ்ளோதான்."

"அப்போ இங்க வர்ற பசங்களுக்கு நீயே சொல்லிக்கொடு" என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை மதியம் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

முதல் இரண்டு வாரம் பெட்டியையே திறக்கவில்லை. ஒரு பிள்ளை ரோபோவாக நிற்க வேண்டும், மற்றவர்கள் கட்டளை போட வேண்டும். "நட" என்றார்கள், எப்போது நிற்பது என்று சொல்லவில்லை, அந்தப் பையன் நேராகப் போய் அகராதி அலமாரியில் முட்டினான். கட்டளை முழுசாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எட்டுப் பேருக்கும் அன்றே விளங்கிவிட்டது. பிறகு மோட்டாரைப் பூட்டினார்கள். ஒயரை மாற்றிக் கொடுத்ததில் வண்டி பின்னால் ஓடியது. "பரவாயில்லையே, ரிவர்ஸ் கியர் கண்டுபிடிச்சுட்டீங்களே!" என்றான் என் தம்பி. எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். நாற்பது வருடமாக என்னிடம் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசாதவன் இங்கே மடை திறந்ததுபோல் பேசுகிறான். பிள்ளைகள் அவனுக்கு 'லிஃப்ட் சார்' என்று பெயர் வைத்தார்கள். வண்டிக்கு வைத்த பெயர் ஆமை.

ஆமைக்குக் கட்டளை கொடுப்பது லேப்டாப்பில். திரையில் கட்டளைகள் பட்டியலாக இருக்கும். வேண்டியதை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி அனுப்பினால் ஆமை அந்த வரிசைப்படி நடக்கும். கட்டளைகளின் பெயர்களை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்று தெரிந்ததும் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. ஆங்கிலத்தில் அவனே தடுமாறுவான். என் அகராதிகளை மேசை நிறையப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்து, நாலு வார்த்தைக்கு இரண்டு வாரம் எடுத்துக்கொண்டான். 'நட' என்றால் ஒரு முழம் முன்னே போகும். 'நில்' என்றால் நிற்கும். 'திரும்பு' என்றால் வந்த பக்கம் பார்த்துத் திரும்பும். 'திரும்ப' என்றால் கடைசியாகச் செய்ததை இன்னொரு தடவை செய்யும். எனக்கும் எல்லாம் சரியாகத்தான் பட்டது. தமிழ்ப் புத்தகங்களுக்கு நடுவிலேயே இத்தனை வருடம் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கும் உறைக்கவில்லை.

எட்டுப் பேரில் ஒருத்திக்குப் பத்து வயது. செய்கிற ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே செய்வாள். அதனால் அவளுக்கு 'முணுமுணு' என்று பெயர். திருகாணி முடுக்கும்போதுகூட "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அதனோடு பேசுவாள். வகுப்பில் கை தூக்கியதே இல்லை. ஆனால் ஆமை நின்றுபோனால் மற்ற ஏழு பேரும் அவளைத்தான் பார்ப்பார்கள்.

மூன்று மாதம் கழித்துப் பெற்றோரைக் கூப்பிட்டு ஆமையை நடத்திக் காட்டுவது என்று முடிவானது. பெரிய வாசிப்பு மேசை. ஆமை இரண்டு முழம் போய், விளிம்புக்கு முன்னால் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கு வர வேண்டும். கட்டளைகளை அடுக்குவது யார் என்று சீட்டுக் குலுக்கினார்கள். முணுமுணுவின் பெயர் வந்தது. பேக்கரி வேன் ஓட்டும் அவள் அப்பா வேலைக்கு நடுவில் யூனிஃபார்மோடு வந்து முன்வரிசையில் நின்றார்.

ஆமை ஒரு முழம் போனது. இன்னொரு முழம் போனது. அது திரும்பவில்லை. மூன்றாவது முழத்துக்குக் கிளம்பி, விளிம்பைத் தாண்டி, தலைகுப்புற விழுந்து சக்கரம் கழன்று ஓடியது.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. விழுந்த விதம் அப்படி. அவள் அப்பாவும் சிரித்தார். முணுமுணு கூட்டத்தைப் பார்க்கவில்லை, அப்பாவை மட்டும் பார்த்தாள். "சரி வா, உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை? ஒழுங்கா கணக்கைப் படி" என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அடுத்த சனிக்கிழமை ஏழு பேர்தான் வந்தார்கள்.

தம்பி வகுப்பை நடத்தினான், ஆனால் வாயில் ஈ புகுந்தாலும் தெரியாத நிலையில்தான் இருந்தான். எல்லோரும் போனபின் லேப்டாப்பைத் திறந்து, ஆமை விழுந்த அன்று போட்ட பட்டியலைப் பார்த்தான். நட, நட, அதற்கடுத்து 'திரும்பு' இருக்க வேண்டிய இடத்தில் 'திரும்ப'.

"அவசரத்துல மாத்திப் போட்டிருக்காடா" என்றேன். "ஒரு சின்னக் கோடுதான் வித்தியாசம். கவனிச்சிருக்கணும்."

"லிஃப்டுல கதவு திறக்கற பட்டனும் மூடற பட்டனும் எப்படி இருக்கும், சொல்லு."

"ரெண்டு முக்கோணம். ஒரே மாதிரிதான் இருக்கும்."

"யாராவது ஓடி வந்தா, பாவம்னு திறக்கத்தான் அமுக்குவாங்க. கதவு மூஞ்சியிலேயே மூடும். அது அமுக்கினவங்க தப்பா? பட்டன் வெச்சவன் தப்பு, அக்கா. இந்தப் பட்டன் வெச்சவன் நான்."

உறுப்பினர் பதிவேட்டை எடுத்து அவள் வீட்டு முகவரியைத் தேடினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், சக்கரம் பூட்டிச் சரிசெய்த ஆமையையும் லேப்டாப்பையும் பையில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குக் கிளம்பினோம். அவள் வராமலே போய்விடுவாள் என்ற பயம் அவனைவிட எனக்கு அதிகமாக இருந்தது. மூன்றாவது மாடி. லிஃப்டில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. அதைக்கூடக் கவனிக்காமல் தம்பி படியேறினான். அப்போதுதான் அவன் மனது எந்த நிலையில் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

அவள் அப்பா கதவைத் திறந்தார். முணுமுணு சாப்பாட்டு மேசையில் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். வழக்கம்போல நான்தான் பேச வேண்டியிருக்கும் என்று தொண்டையைச் செருமினேன். அதற்குள் தம்பி அவளிடம் நேராகப் போய்விட்டான்.

"தப்பு என்னோடதும்மா. மன்னிச்சுக்கோ."

"ஐயோ, என்ன சார் நீங்க!" என்று அவள் அப்பா பதறினார். "சின்னப் பொண்ணுகிட்டப் போயி! அவ பார்த்துப் போட்டிருக்கணும். அவ்ளோதானே."

தம்பி ஆமையைத் தரையில் வைத்தான். லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினான். "நீங்க ஒரு தடவை போடுங்க சார். ரெண்டு முழம் போயி, செவுத்துல முட்டாம திரும்பி வரணும்."

"திரும்பறதுதானே? நாள் பூரா எனக்கு அதுதானே பொழப்பு" என்று சிரித்தபடி உட்கார்ந்தார். நட. நட. விரல் பட்டியலில் இறங்கியது, ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் அடுத்ததைப் போட்டது. கீழே இன்னும் இரண்டு நட. அனுப்பினார்.

ஆமை இரண்டு முழம் போனது. மூன்றாவதில் சுவரில் முட்டியது. முட்டியபடியே சக்கரம் சுற்றச் சுற்ற மேலும் இரண்டு முழத்துக்கு மல்லுக்கட்டியது. சமையலறை வாசலில் நின்ற அவள் அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"வண்டியில ஏதோ கோளாறு" என்றார் டிரைவர்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. முணுமுணு எழுந்து வந்து அப்பாவின் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தாள். உதடு அசைந்தது. "நட, நட, திரும்ப..."

"அப்பா, நீங்க போட்டது 'திரும்ப'. மறுபடியும்னு அர்த்தம். 'திரும்பு' அதுக்குக் கீழ இருக்கு."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணாட்டம்தானே இருக்கு!"

"எனக்கும் அன்னிக்கு அப்படித்தான்..." என்று ஆரம்பித்தாள். அதற்குமேல் முடியவில்லை, அழுதுவிட்டாள். ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்த அழுகை.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நானும் சேர்ந்து சிரிச்சேன்ல" என்றார். பிறகு, "சிரிச்சிருக்கக் கூடாதும்மா" என்றார். ஒரு அப்பா தன் பிள்ளையிடம் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது.

முணுமுணு முகத்தைத் துடைத்துக்கொண்டு என் தம்பியைப் பார்த்தாள். "சார், அந்தப் பேரை மாத்தலாமா?"

"உனக்கு எது சரியாப் படுதோ அதை வை."

'திரும்ப' என்பதை அழித்தாள். அந்த இடத்தில் 'மறுபடி' என்று ஒவ்வொரு எழுத்தாக முணுமுணுத்துக்கொண்டே அடித்தாள். மற்ற மூன்று பெயர்களையும் ஒருமுறை படித்துப் பார்த்துச் சரி என்று தலையாட்டினாள். பிறகு ஆமையை எடுத்துவந்து அறையின் நடுவில் வைத்துவிட்டு, லேப்டாப்பை அப்பாவின் பக்கம் தள்ளினாள்.

"இப்ப நீங்க போடுங்கப்பா."

"நானா? வேணாம்மா. எனக்கு மறுபடியும் தப்பாத்தான் வரும்."

"வரட்டும்ப்பா" என்றாள் முணுமுணு. "நான் சிரிக்க மாட்டேன்."