கொழுந்தன் போட்ட சிவப்புக் கோடு

என் கொழுந்தனுக்குத் தெருவில் வைத்திருக்கிற பேர் கோட்டுக்காரன். நகராட்சியில் பெயிண்டர். விளக்குக் கம்பங்களுக்கு நம்பர் எழுதிக்கொண்டு நிம்மதியாக இருந்தவன் தலையில்தான் துருவத்து ஐஸ் வந்து விடிந்தது.

உலகத்தின் அடிமுனையில், ஒரு குடியும் இல்லாத இடத்தில், பனிக்கட்டியைத் துளைத்து ஆராய்ச்சி செய்கிற ஒரு அம்மா இங்கே வந்து கூட்டம் போட்டார். அங்கே உருகுகிற வேகத்தைப் பார்த்தால், நம் பிள்ளைகள் பெரியவர்களாகும்போது கடல் இந்தத் தெருக்களில் எதுவரை ஏறும் என்று கணக்குப் போட்டிருக்கிறாராம். "எங்க வீட்டு ஃப்ரிட்ஜிலயே ஐஸ் பிடிக்க மாட்டேங்குது, நீங்க எந்த ஐஸைச் சொல்றீங்க?" என்று கேட்டேன். கூட்டம் சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்துவிட்டு, "உங்க அடுப்படிக்குள்ள வர்ற தண்ணி எங்கேருந்து வருதுன்னு நினைக்கிறீங்க?" என்றார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கடல் பொங்கி, சாக்கடை வழியாக எங்கள் வீட்டுக்குள் உப்புத்தண்ணீர் வருவது அவருக்கு எப்படித் தெரிந்ததோ. 

அந்தக் கணக்கை வீட்டுக்கு வீடு சுவரில் சிவப்புக் கோடாகப் போடச் சொல்லி நகராட்சி உத்தரவு போட்டது. ஒரு தெரு முடித்துவிட்டு அடுத்த தெரு. கூட ஆள் மட்டும் தரவில்லை. "அண்ணி, கொஞ்சம் வந்து பிடிங்க" என்பான். தண்ணீர் நிரப்பிய நீள ட்யூபின் ஒரு முனையை, போட்டு முடித்த கோட்டில் நான் பிடிப்பேன். மறுமுனையை அவன் அடுத்த சுவரில் பிடிப்பான். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அவன் பக்கம் எங்கே நிற்கிறதோ அங்கே கோடு. எங்கள் தெரு சரிவு. அதனால் மேட்டு வீட்டில் கோடு முழங்காலளவு, பள்ளத்து வீட்டில் மார்பளவு. ஜனங்களுக்கு இது புரிந்தால்தானே. கோடு கீழே விழுந்தால் வேண்டியவன், மேலே விழுந்தால் ஆகாதவன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கேபிள்காரர் டீயும் பிஸ்கட்டும் வைத்து, "தம்பி, ஒரு சாண் இறக்கிப் போடேன், குறைஞ்சா போயிடுவ?" என்று குழைந்தார். "கடல இறங்கச் சொல்லுங்க, நானும் இறக்குறேன்" என்றவன், டீயைக் குடித்துவிட்டு அதே இடத்தில் கோட்டைப் போட்டான்.

எங்கள் வீடு தெருவிலேயே கடைசிப் பள்ளம், கோடு ஜன்னலுக்கும் மேலே. என் வீட்டுக்காரர் லாரியிலிருந்து விழுந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர். தண்ணீர் வருகிற நாட்களில் கட்டிலில் படுத்தபடி, செருப்பு மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். இதை விற்றுவிட்டு மேட்டுப்பக்கம் ஒரு வீட்டுக்குப் போய்விட வேண்டும். எங்கள் மூன்று பேருக்கும் வேறு நினைப்பே கிடையாது. ஆனால் வீடு பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சுவரைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பினார்கள்.

கடைசியில் என் வீட்டுக்காரர் தம்பியைக் கூப்பிட்டார். "ஒரே ஒரு தடவை அதை மறைச்சுடுடா. நான் இந்தக் கட்டில்ல கிடந்தே மூழ்கிச் சாகணுமா?"

 மறுநாள் காலையில் கொழுந்தன் முன்சுவர் முழுக்க வெள்ளை அடித்திருந்தான். பிரஷ்ஷைக் கழுவும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்.

மற்ற வீட்டுச் சுவர்களின் கோடுகள் கண்ணில் படாதபடி, வெயிலைச் சாக்குச் சொல்லி, புரோக்கர் ஒரு புருஷன் பெண்டாட்டியைப் பின் சந்து வழியாகக் கூட்டிவந்தார். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். அவளுக்கு நிறைமாதம். வீடு இருவருக்கும் பிடித்துப்போனது. உள்ளறை மூலையில் நின்றுகொண்டு, "தொட்டிலை இங்க போட்டா நல்லா காத்து வரும், இல்லண்ணா?" என்று அவள் கொழுந்தனிடம் கேட்டாள்.

"அந்த மூலையில வேண்டாம்மா" என்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "எந்த மூலையிலயும் வேண்டாம்" என்றான். ஐஸ், கோடு, பௌர்ணமித் தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டான். புரோக்கர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த நன்றியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

"ஊருக்கு நல்லவனா இருந்து என்னத்தைக் கிழிச்ச?" என்று கேட்டு, சோற்றுத் தட்டை நங்கென்று வைத்தேன். என் வீட்டுக்காரர் அவனோடு பேச்சையே நிறுத்திவிட்டார். அவன் வெள்ளைச் சுவரில் கோட்டைத் திரும்பப் போட்டான். நான் பிடிக்கப் போகவில்லை. ட்யூபின் முனையை ஆணியில் கட்டிவிட்டுத் தனியாகவே போட்டுக்கொண்டான்.

அடுத்த பௌர்ணமிக்குத் தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டுவிட்டது. விடிந்ததும் கொழுந்தன் அண்ணனை முதுகில் சுமந்துகொண்டு எதிர்வீட்டு மாடிப்படி ஏறினான். நான் அவர் கால்களைத் தாங்கிக்கொண்டு பின்னால் ஏறினேன். பாதிப் படியில் என் வீட்டுக்காரர் வாய் திறந்தார்.

"அந்தப் புள்ளைக்குக் கொழந்த பொறந்துடுச்சாமா?"

"பொறந்துடுச்சுண்ணே. பொண்ணு. புரோக்கர் சொன்னாரு."

"வேற வீடு பாத்துட்டாங்களா?"

கொழுந்தன் நின்றான். மூச்சு வாங்குகிறது போல என்று நினைத்தேன்.

"பாத்துட்டாங்க. அடுத்த தெருவுல. நம்ம தெருவை விடப் பள்ளம்."

"நீதான் எல்லாம் சொன்னியேடா. அப்புறமும் எப்படி வாங்கினாங்க?"

"சுவத்துல கோடு இருக்கான்னு வீட்டைச் சுத்திச் சுத்திப் பாத்துட்டுத்தான் வாங்கினாங்களாம்" என்றான். "அந்தத் தெருவுக்கு நான் இன்னும் கோடு போடலண்ணே."