ஆறு பெயர்கள், மூன்று உறைகள்: உக்கடம் முதல் சத்தி வரை ஒரு ஞாயிறு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைப்பையில் மூன்று வெற்று உறைகளோடு சிங்காநல்லூரிலிருந்து கிளம்பினேன். இருபது வயதிலிருந்து ஒன்பது வருடம் ஒரு நூல் மில்லின் பெண்கள் வாலிபால் அணியில் ஆடியவள் நான். பதிவேட்டில் அலுவலக உதவியாளர். சம்பளம் கொடுத்தது பந்து அடிக்கத்தான்.

இப்போது அந்த மில் மைதானச் சுவரில் அணியின் வரலாற்றிலேயே சிறந்த ஆறு பேரை வரையப் போகிறார்கள். பழைய ஆட்டக்காரர்கள் ஆளுக்கு ஆறு பெயர் எழுதி, உறையை ஒட்டித் தர வேண்டும். தன் பெயரைத் தானே எழுதக் கூடாது. என்னைத் தவிர மூன்று பேர் மட்டும் இன்னும் அனுப்பவில்லை; நான் எழுதியது கைப்பையிலேயே இருந்தது. "நானே போய் வாங்கிட்டு வாரனுங்க" என்று அணிச் செயலாளரிடம் சொன்னேன். உதவி செய்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். அந்த ஆறில் நான் இருக்கிறேனா என்று தெரியாமல் ஒரு வாரமாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை என்பதுதான் உண்மை.

காலை 8.10க்கு உக்கடம் டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நாற்பது நிமிடம். நூர்ஜஹான் எங்கள் சென்டர் பிளாக்கர், வலையோரம் எழும்பி எதிராளி அடியைத் தடுப்பவள். இப்போது குடும்பத்தின் இரும்புக் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். "வாங்கக்கா! மெலிஞ்சு போயிட்டீங்களே" என்று பொய் சொல்லி வரவேற்றாள். தேங்காய் பன்னும் தேநீரும் வந்தன. தாளை என் முன்னாலேயே விரித்து, முதல் பெயராக "கவிதா" என்று எழுதினாள். அதாவது நான். வெளியே வந்து குளத்தைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் தனியாகச் சிரித்தேன்.

அங்கிருந்து கணபதிக்கு இரண்டு பஸ் மாறி, 10.20க்கு சுமதி வீடு. வீட்டின் கீழேயே லேத் பட்டறை. ஞாயிறு என்பதால் சத்தமில்லை. அவளும் என் பெயரை முதலில் எழுதினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. "நெசமாத்தான் எழுதறியா சுமதி?" என்று கேட்டு வைத்தேன்.

"அட, ஊடு தேடி வந்திருக்கீங்க. உங்க பேரை உட்டுப்போட்டு எழுதினா நல்லாவாக்கா இருக்கும்?"

அவ்வளவுதான். சந்தோஷம் படியிறங்கிப் போய்விட்டது.

11.15க்கு சத்தி பஸ் ஏறினேன். சுமார் 65 கிலோமீட்டர், 60 ரூபாய், இரண்டு மணி நேரம். (வலப்பக்கம் உட்காராதீர்கள், அன்னூர் வரை வெயில்.) புளியம்பட்டி தாண்டும் வரை இரண்டு உறைகளையும் மடியில் வைத்து வெறித்துக்கொண்டிருந்தேன். உபசாரத்தில் பன் எது, ஓட்டு எது?

சத்தி பஸ் நிலையத்துக்கு அருகில் சாப்பாடு, 90 ரூபாய். பிறகு ரீட்டா விளையாட்டு ஆசிரியையாக இருக்கும் பள்ளி மைதானம். அவள்தான் எங்கள் லிஃப்டர். அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்தவள். பிள்ளைகளுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது.

"பேரு எழுதறது இருக்கட்டும் புள்ள. மொதல்ல பத்து சர்வீஸ் போடு."

"நாப்பத்தேழு வயசாச்சு ரீட்டா."

"வலையும் அதே ஒசரந்தான், அது புலம்புதா?"

சேலையைச் செருகிக்கொண்டு அடித்தேன். பத்தில் ஏழு உள்ளே விழுந்தன. கடைசிப் பந்தை எதிர்ப்பக்கம் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்து விட்டுவிட்டார்கள். மைதானமே கைதட்டியது. என் தோள்பட்டை எனக்கே திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

ரீட்டா கம்பத்தில் தாளை வைத்து எழுதி, என்னிடமே நீட்டினாள். என் பெயர் இல்லை.

"இப்பத்தான கை தட்டின?"

"சர்வீஸ்ல உன்னைய அடிச்சுக்க ஆளே இல்ல. ஆனா எதிராளி பந்து உன் பக்கம் வந்துதுன்னா, நான் மாதாவக் கும்பிட்டுட்டுத்தான் ஓடுவேன்."

"நூர்ஜஹான் என் பேரை மொதல்ல எழுதியிருக்கா."

"எதுத்தாப்ல உக்காந்து கேட்டீன்னா, அவ உங்க ஊட்டு ஆட்டுக்குட்டி பேரக்கூட எழுதுவா."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

திரும்பும் பஸ் 5.10க்கு. ரீட்டாவின் உறையை ஒட்டி வைத்துவிட்டு, நான் எழுதியிருந்த ஆறு பெயர்களை எடுத்தேன். ஒன்றை அடித்து என் பெயரை எழுதிப் பார்க்கலாம், யார் கேட்பது? பேனாவைத் திறந்தேன். ரீட்டா? அவள் தூக்காத பந்தை நான் அடித்ததே இல்லை. நூர்ஜஹான்? அவள் கைகளைத் தாண்டி அடிக்கப் பயந்து வெளியே அடித்தவர்கள் எத்தனை பேர். ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தேன். ஒருவரையும் அடிக்க முடியவில்லை. வருத்தம் வரும் என்று காத்திருந்தேன், வந்தது பசிதான். இந்த ஆறு பேரோடும் ஒரே பக்கம் நின்றவள் நான்.

அன்னூரில் முறுக்கு வாங்கிக்கொண்டு செயலாளரை அழைத்தேன். உக்கடம், கணபதி உறைகளைச் சேர்க்க வேண்டாம், அவர்களிடம் தபாலில் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

"ஒட்டின கவருக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"முன்னாடி உக்காந்து பாத்தனுங்க."

அவர் ரொம்ப நேரம் சிரித்தார்.

போக விரும்புவோருக்கு: காலை எட்டுக்குக் கிளம்பினால் இரவு எட்டுக்கு வீடு. பஸ், சாப்பாடு, முறுக்கு எல்லாம் சேர்த்து 240 ரூபாய். போட்டியில் நிற்பவர் தானே ஓட்டு வாங்கப் போகாதீர்கள். போய்த்தான் ஆக வேண்டுமென்றால், ரீட்டாவிடமிருந்து தொடங்குங்கள். மற்ற இரண்டு வீட்டிலும் தேநீரை நிம்மதியாகக் குடிக்கலாம்.