எட்டடிப் பலகை

தச்சருக்கு அக்கம்பக்கத்தில் 'அரைநூல்' என்று பட்டப்பெயர். அளவு அரை நூல் பிசகினாலும் முழுக் கட்டிலையும் பிரித்துப் போட்டுவிடுகிற ஆசாமி. அப்பேர்ப்பட்டவர் வலது கையில் இரண்டு விரல்களைப் பட்டறை ரம்பத்துக்குக் கொடுத்துவிட்டு வீட்டோடு உட்கார்ந்து ஏழு மாதமாகிறது. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "சின்ன மெஷின், தாங்கல, உதறிடுச்சு. பெருசா இருந்தா விரல் போயிருக்காது."

அந்த வீம்பில்தான் பின்னறைக்குப் பெரிய ரம்ப மெஷினாகச் சொல்லியிருந்தார். வண்டி வந்துவிட்டது. நாலு சுமையாட்கள் கயிற்றை அவிழ்க்கிறார்கள். மனைவியோ பின்னறைக் கதவை மறித்துக்கொண்டு நிற்கிறாள். மிச்ச விரல்களும் போய்விடுமோ என்று அவளுக்குப் பயம்.

"அளந்துட்டேன்மா. சாக்பீஸ்ல கோடு போட்டிருக்கேன் பாரு. கச்சிதமா உக்காரும்."

"மெஷின் உக்காரும். எட்டடிப் பலகை எங்க போகும்?" உள்ளே போய், கோட்டுக்குள் மெஷினுக்குப் பதிலாக இரண்டு ஸ்டூலைப் போட்டு, மூலையில் கிடந்த பலகையைத் தூக்கி வைத்தாள். "ரம்பம் ஓடுதுன்னு நெனச்சுத் தள்ளிக் காட்டுங்க."

"அண்ணே, இறக்கலாமா வேணாமா?" வாசலிலிருந்து வண்டிக்காரர் கத்தினார்.

"இருப்பா!" எரிச்சலோடு தள்ளினார். பாதிப் பலகைகூடப் போகவில்லை, முனை சுவரில் டொக்கென்று முட்டியது. அவர் கை, யோசிக்காமல், பலகையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தது.

ஓடுகிற ரம்பத்தில் மாட்டிய பலகையை இழுக்கவே கூடாது, மெஷினை நிறுத்த வேண்டும். தொழிலில் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம். பலகையை விட்டுவிட்டுத் தன் கையையே பார்த்தார். பயந்துபோனார். அவளும் பார்த்துவிட்டாள்.

சின்ன மெஷின் என்றால் கொல்லைக் கதவுக்கு நேராக நகர்த்திக்கொள்ளலாம், பலகை அதன் வழியே வெளியே போய்விடும். நாலு ஆள் தூக்குகிற பெரியதை இந்த அறைக்குள் திருப்பக்கூட முடியாது. இது அவருக்குத் தெரியாததா என்ன?

வாசலுக்கு வந்தார். "திரும்பக் கட்டுங்கப்பா. சின்ன சைஸ் போதும். கடைக்கு நான் சொல்லிக்கிறேன்."

சுமையாட்களுக்குக் கடுப்பு. ஒருவர் கயிற்றை இறுக்கிக்கொண்டே கேட்டார்: "ஏண்ணே, சின்ன மெஷின்லதானே விரல் போச்சுன்னீங்க?"

அவர் மனைவியைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"மெஷின் மேல தப்பில்லப்பா. பலகை மாட்டுச்சு. நிறுத்தாம நான்தான் இழுத்தேன்."