பெடல் பாரமாகும் இடம்

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. நெல்லியடிக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் நான் படிப்பித்துக்கொண்டிருந்தேன். போரால் குடாநாட்டில் கரண்ட் நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. பற்றரி கொண்டுவர அரசாங்கத் தடை. ரேடியோ கேட்பதென்றால் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, ஒருவர் சீற்றில் இருந்து மிதிக்க வேண்டும். பின்சில்லில் டைனமோ உரசிச் சுற்றும், அந்த மின்சாரத்தில் பெட்டி பேசும். அயலில் எல்லோரும் செய்தி கேட்க மிதித்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் ட்ரம்பெற் கேட்க மிதித்தோம்.

மிதித்தோம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மிதித்தது நான்.

எங்கள் ரேடியோப் பெட்டியில் கசெற்றும் போடலாம், பதியவும் செய்யலாம். என் கணவரிடம் ஒரு கசெற் இருந்தது. ஜாஸும் ரொக்கும் கலந்த பழைய ஆங்கிலப் பாட்டுகள். கிற்றார், ட்ரம்ஸோடு நிற்காமல் ட்ரம்பெற், ட்ரொம்போன், சக்சபோன் என்று ஒரு பட்டாளமே சேர்ந்து ஊதும். எண்பத்துமூன்று கலவரத்தில் கொழும்பிலிருந்து உயிர் தப்பிக் கப்பலில் வந்து இறங்கியவர், படிப்புச் சான்றிதழ்களை அங்கே விட்டுவிட்டு இந்தக் கசெற்றைக் கொண்டுவந்திருந்தார். சான்றிதழ் இல்லாமல் அவர் எத்தனை வாசல்களில் நின்றார் என்பது எனக்குத்தான் தெரியும். கேட்டால், "கையிலை ஆம்பிட்டது அதுதான்" என்பார்.

பாடசாலை விட்டு வந்து தேத்தண்ணி குடித்த கையோடு நான் சைக்கிளில் ஏற வேண்டும். அவர் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடுவார்.

"நீங்கள் மிதிச்சால் என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மிதிக்கிற ஆளுக்குப் பாட்டுக் கேளாது. உமக்குத்தான் உது பிடிக்காதே, பிறகென்ன?"

சும்மா கேட்டாலாவது பரவாயில்லை. கொஞ்சம் வேகமாக மிதித்தால் பாடுகிறவன் பூனைபோலக் கத்துகிறான் என்பார். மெல்ல மிதித்தால் செத்தவீட்டில் அழுவதுபோல இருக்கிறது என்பார். எனக்குக் கேட்டதெல்லாம் செயின் கவரின் கடகடப்பும் டைனமோவின் இரைச்சலும்தான். அந்த ஊதுகுழல்கள் எல்லாம் ஒன்றாக எழும்பும்போது மட்டும் பெட்டி கூடுதலாக மின்சாரம் இழுக்கும். பெடல் பாரமாகிவிடும். அவருக்கு முகத்தில் ஆனந்தம், எனக்குத் தொடையில் நோவு. போதாக்குறைக்கு டைனமோ உரசி உரசிப் பின் ரயர் தேய்ந்துகொண்டு வந்தது. ரயர் கிடைக்காத காலம். அதே சைக்கிளில்தான் நான் பாடசாலைக்கும் போக வேண்டும்.

அந்த வருடம் பரிசளிப்பு விழாவுக்கு ஒரு நடனம் பழக்கினேன். பிள்ளைகள் பாடுவதைப் பதிந்து வைத்துக்கொண்டால் பழக்குவது சுலபம். கசெற்றுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. வீட்டில் ஒன்று இருக்கிறதே என்ற எண்ணம் வந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பாட்டோடு விற்கும் கசெற்றை யாரும் தவறுதலாக அழிக்காதபடி அதன் மேல் விளிம்பில் இரண்டு ஓட்டைகள் விட்டிருப்பார்கள். அவற்றைக் கடுதாசியால் அடைத்தால் பதியலாம். அடைத்து, கசெற்றை முதலுக்குச் சுற்றிப் போட்டேன். பதியும் பொத்தானை அமுக்கிவிட்டுச் சைக்கிளில் ஏறி மிதித்தபடி, சரியாகப் பதிகிறதா என்று பார்க்க உரத்துச் சொன்னேன். "ஹலோ ஹலோ, ஒண்டு, ரெண்டு, மூண்டு. கேக்குதோ தெரியேல்லை. இந்த மனுசன் வரமுதல் முடிக்க வேணும். ஹலோ, ஹலோ..."

வாசல் படலை திறக்கும் சத்தம் கேட்டது. இறங்கி நிற்பாட்டினேன்.

அவர் நேரே வந்து கசெற்றை எடுத்தார். கடுதாசி அடைத்த ஓட்டைகளைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். நானும் ஆயத்தமாகத்தான் நின்றேன். சான்றிதழ், ரயர், தொடை நோவு எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன.

"பள்ளிக்கூடத்துக்கோ?" என்றார்.

"ஓம். வேறை கசெற் ஒண்டும் கிடைக்கேல்லை."

"சரி, நீர் அழியும். ஆனால் ஒருக்கா இருந்து கேட்டிட்டு அழியும். நான் மிதிக்கிறன்."

பேனையைச் செருகிக் கசெற்றை முதலுக்குச் சுற்றினார். சைக்கிளில் ஏறினார். கலியாணம் முடித்து ஆறு வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கதிரையில் நான் இருந்தேன்.

"தொடக்கத்திலையே எல்லாரும் சேர்ந்து ஊதுவினம். அதுதான் இடம். கவனமாக் கேளும்."

பெட்டியிலிருந்து என் குரல் வந்தது. ஹலோ ஹலோ, ஒண்டு, ரெண்டு, மூண்டு.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கடகடப்பில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. வேர்க்க வேர்க்க மிதித்துக்கொண்டு, முகம் நிறைந்த ஆவலோடு, "வந்திட்டுதோ?" என்று கத்தினார்.

"ஓம் ஓம், வந்திட்டுது" என்றேன்.

"பெடல் பாரமாகேல்லையே?"

அந்த இடத்தில் பெடல் பாரமாகும் என்பது அவருக்கும் தெரியும் என்று அப்போதுதான் விளங்கியது. அதற்குள் என் குரல் அறுந்து, பாட்டு நடுவிலிருந்து பாய்ந்து வந்தது. பாடுகிறவன் ஒரு வரி சொல்ல, ட்ரம்பெற்றுகள் குறுக்கே புகுந்து வாய் காட்டின. அவன் விடவில்லை, அவையும் விடவில்லை. எங்கள் வீட்டில் நடப்பதுபோலத்தான். பிறகு சக்சபோன் ஒன்று தனியே கழன்று எங்கெல்லாமோ சுற்றிவிட்டு, எல்லோரும் சேர்ந்து எழும்பும் இடத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தது. அவ்வளவு அழகாக இருந்தது. இத்தனை நாளும் கேட்காமலே திட்டியிருக்கிறேன். கேட்க உட்கார்ந்தபோதோ நல்ல இடத்தை நானே அழித்து வைத்திருக்கிறேன். என்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

ஒரு பக்கம் முடியும்வரை அவர் நிறுத்தாமல் மிதித்தார். இறங்கியதும் உண்மையைச் சொன்னேன். என்னை மிதிக்க வைத்துவிட்டு, காதைப் பெட்டியோடு வைத்து அந்த அரை நிமிடத்தைக் கேட்டார். பிறகு, "ட்ரம்பெற் போனாலும் சத்தம் குறையேல்லை" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தாலும் திருப்பித் திட்டி ஆறியிருப்பேன். கடுதாசியை நானே பிடுங்கி எறிந்தேன். பிள்ளைகள் கடைசிவரை பாடிப் பாடியே ஆடிப் பழகினார்கள்.

பல வருடங்கள் கழித்து எங்கள் மகள் அதே தொகுப்பைக் கைப்பேசியில் தேடிப் போட்டாள். நான் பறித்த அந்தத் தொடக்கத்தை முதல் தடவையாகக் கேட்கப் போகிறேன் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். மனுசன் விட்டாரா? கதிரையில் இருந்தபடி, "ஹலோ ஹலோ, ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று உரத்து எண்ணி அதையும் கெடுத்தார்.

இன்றும் ஒன்றைக் கேட்காமலே வெறும் சத்தம் என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், பாரமே இல்லாத பெடலை மிதித்துக்கொண்டு அவர் என்னை நம்பிக் கேட்ட அந்தக் கேள்வி என் வாயை அடைத்துவிடுகிறது: "வந்திட்டுதோ?"