அண்ணி குளிப்பாட்டிய லாரி

டல்லாஸில் நான் வேலைக்குப் போகும் நெடுஞ்சாலையில் என் முதலாளியின் முகம் ஐந்து விளம்பரப் பலகைகளில் வருகிறது. ஒவ்வொன்றும் ஒரு வீட்டுச் சுவர் அகலம். நீலக் கோட்டு போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, பல் தெரியச் சிரிக்கிறார். கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'லாரி இடித்துவிட்டதா? என்னைக் கூப்பிடுங்கள்.' இந்த ஊருக்கு வந்த புதிதில் அவரை ஏதோ கட்சியின் வேட்பாளர் என்றே நினைத்தேன். ஆந்திர எல்லையில் எங்கள் நகரியிலும் புத்தூரிலும் ஒரு மனிதர் அத்தனை பெரிய பேனரில் சிரித்தால் ஒன்று தேர்தல் வந்திருக்கும், இல்லை அவருக்குப் பிறந்தநாள் வந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரரிடம் இவர் எந்தக் கட்சி என்று கேட்டேன். அவர் பதறிப்போய், "எப்போது இடித்தது? எங்கே வலி?" என்று என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். சும்மாதான் கேட்டேன் என்றேன். அவர் நம்பவில்லை. அந்த வாரம் முழுக்க என்னைப் பார்த்தால் மெதுவாகப் பேசினார்.

பிறகு அந்தப் பல் தெரியும் மனிதரிடமே எனக்கு வேலை கிடைத்தது. மார்க் என்று பெயர். பெரிய பெரிய சரக்கு லாரிகள் மோதி அடிபட்டவர்களுக்காக வழக்கு நடத்தும் அலுவலகம். பதினெட்டுச் சக்கரம் வைத்த லாரிகள். அவற்றின் வயிற்றில் ஒரு கணினிப் பெட்டி உண்டு. டிரைவர் என்ன வேகத்தில் வந்தான், எந்த நொடியில் பிரேக்கை மிதித்தான் என்று எல்லாவற்றையும் அது ஒப்பித்துவிடும். அதனால் விபத்துச் செய்தி வந்ததும் எங்கள் அலுவலகம் செய்யும் முதல் காரியம், லாரிக் கம்பெனிக்கு ஒரு கடிதம். அதை எழுதுவது என் வேலை. அந்த லாரியை யாரும் தொடக்கூடாது, கழுவக்கூடாது, பழுது பார்க்கக்கூடாது, டயரில் ஒட்டிய சேறுகூட அப்படியே இருக்கவேண்டும், மீறினால் நடப்பதே வேறு. இந்தக் கடிதத்தை எத்தனை முறை அடித்திருப்பேன் என்று கணக்கில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

அப்படிப்பட்டவளின் சொந்த அண்ணனைத்தான் லாரி இடித்தது. சேகர் அண்ணனுக்கு நகரிக்குப் பக்கத்தில் கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் மாமரம், ஒரு டிராக்டர். உழவு வாடகைக்கு ஓட்டுவார். அன்று மொபெட்டில் உரம் வாங்கப் போனவரைச் சித்தூர்க் கல் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போன லாரி பின்னால் வந்து தட்டிவிட்டது. டிரைவர் வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஊர் கூடி அடிக்கும் என்று பயம். ஆகவே முதல் புகாரில் 'அடையாளம் தெரியாத வாகனம்' என்று எழுதினார்கள். மறுநாள் காலை அந்த டிரைவரே லாரியோடு வந்து ஸ்டேஷனில் நின்றுவிட்டார். வெதுருகுப்பத்துக்காரர், ரமணய்யா என்று பெயர். அதற்குள் திருப்பதி ஆஸ்பத்திரியில் அண்ணனின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாளும் ஜுரம் இறங்கவில்லை.

அந்த மூன்றாம் நாள்தான் அண்ணி கூப்பிட்டார். எனக்குச் சாயங்காலம், அங்கே விடிந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு டெக்ஸாஸ்காரருக்காக, லாரியைத் தொடாதே என்ற கடிதத்தை அனுப்பிவிட்டு அப்போதுதான் நிமிர்ந்தேன்.

"வசந்தா, அந்த வண்டி ஸ்டேஷன் வாசல்ல நின்னுக்கினு கீது. ரத்தம் பாத்த வண்டி. கழிப்பு கழிக்காம வுட்டா அது அடங்காதாம். ஓனரு மெட்ராசுல இருந்துக்கினு, இன்சூரன்ஸ் கீது, பூசணிக்கா எதுக்குன்றான். உங்க அண்ணனுக்கு ஜொரம் எறங்கவே இல்லம்மா. நான் போயி செஞ்சுட்டு வரட்டா?"

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். விபத்தில் ரத்தம் பட்ட வண்டியை மஞ்சள் நீரில் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் சுற்றி உடைத்து, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்த பிறகுதான் டிரைவர் திரும்ப அதில் உட்காருவார். செய்ய வேண்டியவர் வண்டிக்காரர். அடிபட்டவர் வீட்டில் செய்வதை நான் கேள்விப்பட்டதில்லை. அண்ணிக்கு அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. புருஷன் பிழைக்கவேண்டும்.

"போங்க அண்ணி," என்றேன். "நல்லா தேச்சுக் கழுவிட்டு செய்யுங்க."

ஆமாம், நான்தான் சொன்னேன். தேய்த்துக் கழுவச் சொன்னேன். எதிரே கணினித் திரையில் அந்தக் கடிதம் அப்படியே திறந்திருந்தது.

அண்ணி சும்மா கழுவவில்லை. ஒரு குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் குளிப்பாட்டியிருக்கிறார். பம்பர், விளக்கு, சக்கரம் எல்லாவற்றுக்கும் மஞ்சள். கண்ணாடியில் மூன்று பட்டை, நடுவில் குங்குமம். டிரைவர் ரமணய்யா வாளியில் தண்ணீர் மொண்டு கொடுத்திருக்கிறார், விசும்பிக்கொண்டே. பூசணிக்காய் உடைந்ததும் வாசலில் இருந்த கான்ஸ்டபிள் எழுந்து வந்து, "அம்மா, கற்பூரம் மீதி இருந்தா எங்க ஜீப்புக்கும் ஒரு சுத்து சுத்திடு" என்றாராம். அண்ணி ஜீப்புக்கும் சுற்றினார். மறுநாள் லாரியைச் சோதிக்க வந்த பிரேக் இன்ஸ்பெக்டர் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, முன்பக்கத்தில் மஞ்சளும் குங்குமமும் தவிர வேறு தடயம் எதுவும் காணப்படவில்லை என்று எழுதிவைத்தார். அதே நாளில் அண்ணனின் ஜுரம் இறங்கியது. டாக்டர் முந்தின நாள் மருந்தை மாற்றியிருந்தார் என்றும் ஒரு தகவல் உண்டு. அண்ணியிடம் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அலுவலகத்தில் விஷயம் தெரிந்து மார்க் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நல்ல மனிதர், பலகையில் தெரிவதைவிட. லாரியைப் பாதுகாத்துவிட்டார்களா என்று கேட்டார். மஞ்சள் பூசியிருக்கிறார்கள் என்றேன். பொய் சொல்லக்கூடாதே என்று அந்த அளவு உண்மையைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. தடயம் கெடாமல் இருக்கப் பூசும் மருந்தா அது, துருவையும் தடுக்குமா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். எலுமிச்சம்பழத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

அண்ணனுக்கு இழப்பீடு கேட்டுச் சித்தூரில் வழக்குப் போட்டோம். அவருக்கு வேண்டியது ஒன்றுதான். டிராக்டர் ஏறி கிளட்ச் மிதிக்கிற மாதிரி நல்ல செயற்கைக்கால். ஆஸ்பத்திரியில் கொடுத்த கட்டையை மாட்டிக்கொண்டு நடக்கலாம், டிராக்டர் ஏற முடியாது. ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி ஒரே போடாகப் போட்டது. இடித்தது இந்த லாரியே இல்லை, இன்சூரன்ஸ் உள்ள ஒரு லாரியை டிரைவரும் இவர்களும் பேசிவைத்துக்கொண்டு வழக்கில் நுழைத்திருக்கிறார்கள் என்றது. ஆதாரம்? டிரைவர் ரமணய்யாவின் வாட்ஸாப் ஸ்டேட்டஸ். அந்த மகானுபாவர் மாலை போட்ட லாரியோடு அண்ணி நிற்கிற படத்தை, கை கூப்பும் பொம்மை மூன்று சேர்த்து, ஊருக்கெல்லாம் போட்டிருக்கிறார். புருஷனின் காலை எடுத்த லாரிக்கு எந்தப் பெண்ணாவது மாலை போடுவாளா என்று கேட்டார்கள். யோசித்துப் பார்த்தால் நியாயமான கேள்விதான்.

இரண்டு வருடம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஊரில் உள்ள லாரிக்கெல்லாம் காவல் வைக்கிறவள், சொந்த அண்ணனின் வழக்கைத் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லிவிட்டேனே என்று மனது அரித்தது. ஒருநாள் எங்கள் வக்கீல் முனிரத்தினம் தொலைபேசியில், கழுவும் முன் யாராவது படம் எடுத்தார்களா என்று கேட்டார். அப்போதுதான் நினைவு வந்தது. அண்ணி எனக்கு ஏழு படம் அனுப்பியிருந்தார். மாலை போட்டது, கற்பூரம், உடைந்த பூசணி, போலீஸ் ஜீப். முதல் படம் கழுவுவதற்கு முன்னால் எடுத்தது. பயத்தில் நான் அதைப் பெரிதாக்கிப் பார்த்ததே இல்லை. பம்பர் ஓரத்தில் அண்ணனின் மொபெட்டின் நீலப் பெயிண்ட் ஒரு கோடாக ஈஷியிருந்தது. விளக்கு இடுக்கில் அவருடைய பச்சைத் துண்டின் கிழிசல். அண்ணியின் போன் எப்போதோ கிணற்றில் விழுந்துவிட்டது. படம் இருப்பது என் போனில் மட்டும். போனுக்கு உடையவர் நேரில் வந்து சாட்சி சொல்லவேண்டும் என்றார் முனிரத்தினம். டிக்கெட் எடுத்தேன்.

கோர்ட்டில் கேள்வி தெலுங்கில், பதில் தமிழில், நீதிபதி அம்மா எழுதவைப்பது இங்கிலீஷில். முதலில் அண்ணி கூண்டில் ஏறினார்.

"அந்த லாரிக்குப் பூஜை போட்டது உண்மையா?" என்று இன்சூரன்ஸ் வக்கீல் கேட்டார்.

"உண்மைதாங்க. பின்ன யாரு போடுவா? ஓனரு வரல."

"உங்க வீட்டுக்காரர் காலை எடுத்த வண்டி இல்லையா? கோபம் வரலையா?"

"வந்துச்சு. அதுக்கு? வண்டிக்கு வாயா மனசா? ஓட்றவன் மறுநாளு அதுலதான குந்தணும். அவனும் ஒருத்தி புருஷந்தான."

நீதிபதி அம்மா எழுதவைப்பதை நிறுத்திவிட்டு அண்ணியைப் பார்த்தார். முனிரத்தினத்தின் முகத்தில் வெளிச்சம். உடனே அடுத்த கேள்வி வந்தது. "டிரைவரை உங்களுக்கு முன்னாடியே தெரியும், அப்படித்தானே?"

"முன்ன தெரியாதுங்க. இப்ப நல்லா தெரியும். போன மாசங்கூட வந்து மாங்கா ஊறுகா குடுத்துட்டு, துன்னுட்டுப் போனாரு."

முனிரத்தினம் ஃபைலால் முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு நான். படங்களைக் காட்டினேன். இன்சூரன்ஸ் வக்கீல் என் வேலை என்ன என்று விசாரித்தார். சொன்னதும் அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே. அமெரிக்காவில் லாரி வழக்கையே தொழிலாகச் செய்கிற தங்கை திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறாள் என்று நீதிபதியிடம் சொன்னார். என் பக்கம் திரும்பி, விபத்து நடந்தால் உங்கள் அலுவலகம் முதலில் என்ன செய்யும் என்றார். லாரியைத் தொடாதே, கழுவாதே என்று கடிதம் எழுதுவோம் என்றேன். அண்ணியிடம் என்ன சொன்னீர்கள் என்றார். தேய்த்துக் கழுவச் சொன்னேன் என்றேன். கோர்ட்டே சிரித்தது. இரண்டில் எதை நம்புகிறீர்கள் என்று நீதிபதி அம்மாவே கேட்டார். "அங்க இருந்தா அது, அண்ணி குரல் கேட்டா இது" என்றேன். அதை இங்கிலீஷில் எப்படி எழுதவைத்தார் என்று எனக்குக் காதில் விழவில்லை.

கடைசியாக டிரைவர் ரமணய்யா. லோடோடு வந்து லாரியை வெளியே நிறுத்திவிட்டு, சாட்சி சொல்ல உள்ளே வந்தார். அந்த லாரியையேதான். பேசிவைத்துப் பொய் சொல்கிறாய் என்று வக்கீல் மிரட்டினார். அவர் பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகச் சொன்னார்: "நானே இடிச்சேன் சார். ஓடிப்போனேன். எனக்குச் செய்யவேண்டிய சாந்தியை அந்தம்மா செஞ்சுச்சு. தண்ணி மொண்டு குடுத்த கை இது. இதை வச்சுக்கினு இங்க வந்து பொய் சொன்னா வண்டி ஏற முடியுமா?" நீதிபதி அம்மா என் போனை வாங்கி, பம்பரில் இருந்த நீலப் பெயிண்ட் கோட்டை இரண்டு விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். தீர்ப்பைத் தள்ளிவைத்தார். மூன்று மாதம் கழித்து அது எங்கள் பக்கம் வந்தது. அண்ணன் இப்போது கிளட்ச் மிதிக்கிறார். ஆனால் அன்று சாயங்காலம் இது எதுவும் எங்களுக்குத் தெரியாது.

அண்ணனும் அண்ணியும் நானும் வெளியே வந்தால் நகரி பஸ் போய்விட்டிருந்தது. அடுத்தது எப்போது என்று கேட்டுக்கொண்டு நிற்கும்போது ஒரு ஹாரன். அதே லாரி எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. ரமணய்யா எட்டிப் பார்த்து, "எக்கண்டம்மா, ஏறுங்க, உங்க ஊரு தாண்டித்தான போறேன்" என்றார். வழக்கு முடிகிறவரை எதிர்க்கட்சிக்காரரோடு வணக்கம்கூடச் சொல்லாதீர்கள் என்று நான் டெக்ஸாஸில் ஒவ்வொரு கட்சிக்காரரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து சொல்கிறவள். பேசிவைத்துக்கொண்டார்கள் என்று நாள் முழுக்கக் கத்திய வக்கீல், கோர்ட் வாசலில் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு படம் எடுத்தால் போதும். வேண்டாம் என்று நான் வாய் திறப்பதற்குள் அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிவிட்டார். அண்ணன் கட்டைக்காலைக் கழற்றி மேலே கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்து ஒரே எம்பில் உள்ளே போனார். அண்ணி அவருக்கு இடம் விட்டு நகர்ந்து, எனக்கும் கொஞ்சம் இடம் வைத்தார்.

நான் ஒரு காலை லாரிப் படியில் வைத்தேன். இன்னொரு கால் ரோட்டை விட்டு வரவில்லை. அங்கே வக்கீல் டம்ளரைக் கீழே வைத்தார். இங்கே என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த ஆட்டோக்காரர்கள் எல்லாம் திட்ட ஆரம்பித்தார்கள். படியில் இருந்த காலை எடுக்கவும் தோன்றவில்லை, தரையில் இருந்த காலைத் தூக்கவும் முடியவில்லை.

மேலேயிருந்து அண்ணன் குனிந்து பார்த்தார். "ஒத்தக் கால வச்சுக்கினு நானே ஏறிட்டேன். ரெண்டையும் வச்சுக்கினு நீ இன்னாம்மா அங்கயே நிக்கற?"