கை நிறைய மோர்

என் பெரியப்பா பழங்காசு சேர்த்தார். அவற்றைப் பிறருக்குக் காட்டவேண்டும் என்ற ஆசையும், காட்டினால் யாராவது எடுத்துப்போய்விடுவார்கள் என்ற பயமும் அவருக்குச் சம அளவில் இருந்தன. இரண்டில் ஒன்று கொஞ்சம் குறைந்திருந்தாலும் எங்கள் வீட்டில் ஒருத்தி கூடுதலாக இருந்திருப்பாள்.

மயிலாப்பூரில் பங்குனித் திருவிழா நடக்கும்போது, மாடவீதியில் இருந்த எங்கள் வீட்டுக் கூடத்தில் காசுகளைப் பரப்பி வைப்பார். கண்ணாடிப் பெட்டியெல்லாம் கிடையாது. நீள மேசையில் வெள்ளை வேட்டியை விரித்து, அதன்மேல் இருநூற்றுப் பதினேழு காசுகள். ஒரு வருஷம் செப்புக்காசு ஒன்று காணாமல் போயிற்று. ஆகவே அடுத்த வருஷம் ஓர் உபாயம் கண்டுபிடித்தார்.

உள்ளே நுழைகிற ஒவ்வொருவருக்கும் விளிம்புவரை மோர் ஊற்றிய டம்ளர் ஒன்று கொடுக்கப்படும். இரண்டு கையாலும் பிடித்தால்தான் சிந்தாது. காசுகளைப் பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போன பிறகுதான் குடிக்கவேண்டும்.

“கையிலே டம்ளர் இருக்கறவன் காசை எப்படி எடுப்பான்?” என்றார் பெரியப்பா.

“ஏன் ஓய், இது காசு பாக்கற இடமா, காவடி எடுக்கற இடமா?” என்று ஒரு வக்கீல் கேட்டார்.

“பேசாம நடங்காணும், சிந்தறது.”

மோர் ஊற்றிக் கொடுத்தவள் அத்தை, பெரியப்பாவின் தங்கை. ரங்கூனுக்கு வேலைக்குப் போன அத்திம்பேர் கடிதம் போடுவதை நிறுத்திய பிறகு எங்களோடு இருந்தாள். கொல்லை வாசலில் காலி டம்ளர்களை வாங்கி எண்ணுவது என் வேலை. ஈயம் பூசிய பித்தளை டம்ளர்கள், இருபத்துநாலு. அத்தை அவற்றை எடுத்துக்கொண்டு கூடத்தின் வழியாக வாசலுக்குப் போவாள். போகிற வழியில் மேசையில் சிந்தியிருந்த மோரைத் துணியால் துடைப்பாள். துணியைக் கிணற்றடியில் பிழிந்துவிட்டு மறுபடி வருவாள்.

சாயங்காலம் டம்ளர்கள் சரியாக இருந்தன. காசில் ஒன்று குறைந்தது. பழைய தங்கக் காசு. துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். அவரிடம் இருந்ததிலேயே அதுதான் உயர்ந்தது.

பெரியப்பா வெகுநேரம் யோசித்தார். வந்தவர்கள் அத்தனை பேர் கையிலும் டம்ளர் இருந்தது. தம்முடைய உபாயத்தில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. மேசையருகே கை ஓய்வாக நின்றவள் ஒருத்திதான்.

“கப்பல் டிக்கெட்டுக்குப் பணம் வேணுமோல்லியோ?” என்றாள் பெரியம்மா, யாரையும் பார்க்காமல்.

அந்த மோர்த்துணியை உதறிப் பார்க்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கே அறுபது வயதுக்குமேல்தான் தோன்றியது.

அத்தை அழவில்லை. “நீ பாத்துண்டுதானேடா இருந்தே, சொல்லு” என்று என்னைக் கேட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தது டம்ளர்களை. “இருபத்துநாலும் சரியா இருக்கு அத்தை” என்றேன். அவள் என் தலையைத் தடவினாள்.

பெரியப்பா கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தி, “எடுத்திருந்தா சுவாமி அறையிலே வெச்சுடு. யாரும் ஒண்ணும் கேக்கமாட்டா. நீ எப்பவும்போல இங்கேயே இருக்கலாம்” என்றார். பிறகு எல்லோரையும் வாசலுக்கு அழைத்துப் போனார். அவள் கூச்சப்படாமல் வைப்பதற்காக, குடும்பம் முழுவதும் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீதியில் போகிற கூட்டத்தைப் பார்த்து நின்றது.

திரும்பி வந்தபோது சுவாமி அறையில் ஒன்றும் இல்லை. கூடத்து நடுவில் அத்தையின் தகரப் பெட்டி திறந்து கிடந்தது.

“பாத்துக்கோங்கோ அண்ணா.”

பெரியப்பா பார்த்தார். நாலு புடவை, ஒரு சீப்பு, குங்குமச்சிமிழ். பெரியம்மா ஒவ்வொரு புடவையாக உதறினாள். காசு இல்லை.

எனக்கு ஒரே சந்தோஷம். இல்லை என்று எல்லோரும் கண்ணால் பார்த்தாகிவிட்டது, இனி ராத்திரிச் சாப்பாடுதான் என்று நினைத்தேன். எடுத்திருந்தால் அந்த வீட்டில் இருக்க அவளுக்கு ஒரு வழி விட்டிருந்தார்கள். எடுக்காதவள் இருப்பதற்கு வழி எதுவும் விடவில்லை. அது புரிகிற வயது எனக்கு அப்போது இல்லை. அத்தை புடவைகளை மடித்து மறுபடி பெட்டிக்குள் வைத்தாள். பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டும்போது, முடிச்சு நழுவாமல் இருக்க அதன்மேல் விரலை வைத்துக்கொள்ளச் சொன்னாள். வைத்து அழுத்திக்கொண்டேன்.