அபெலோன் சொல்லாமல் விட்டது

"பாத்துப் போங்க" என்பதை வடதுருவத்தை ஒட்டிய எங்கள் இலுலிசாட் ஊரில் அபெலோன் அளவுக்குச் சொன்னவர்கள் கிடையாது. மிதக்கும் பனிமலைகள் அடைத்துக் கிடக்கும் எங்கள் கடல் இடுக்கைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களைப் பன்னிரண்டு கோடைகளாகக் கூட்டிப் போகிறவள் அவள். வழுக்குப் பாறையில் ஒரு முறை, மரப்பாதை முடிகிற இடத்தில் ஒரு முறை, பாசிச் சேற்றில் ஒரு முறை. முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் சொன்னாள். கட்டிய கணவனுக்கு மட்டும் சொல்லவில்லை.

பத்தொன்பது வருடங்களுக்கு முன், ஒரு மார்ச் மாதக் காலை. சூப்புக்கு அவள் எடுத்துவைத்திருந்த மீன் தலைகளைக் கணவன் நுக்கா நாய்களுக்குப் போட்டுவிட்டான். "போயிட்டு வரேன்" என்று வாசலில் நின்று சொன்னவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினாள். உறைந்த கடலுக்குத் தூண்டில் போடப் போனவனும் அவன் நாய்வண்டியும் திரும்பவில்லை. நாய்களில் இரண்டு மட்டும் வந்தன.

அடுத்த மாதம் பக்கத்து வீட்டு செவெரினுக்குப் பெண் பிறந்தது. எங்கள் வழக்கப்படி இறந்தவன் பெயரையே வைத்தார்கள். பெயரோடு உறவும் கூடவே வந்துவிடும். பேசத் தொடங்கிய நாளிலிருந்து சின்ன நுக்கா அபெலோனை "பொண்டாட்டி" என்றுதான் கூப்பிடுகிறாள்.

அந்த நுக்காதான் வெல்டிங் படிக்க டென்மார்க் கிளம்பினாள். இரண்டு மணி விமானம். காலையில் செவெரின் வீட்டுக்கு ஊரே வந்து, காபியும் கேக்கும் சாப்பிட்டுப் போனது.

"ஏர்போர்ட்டுக்கு வராத பொண்டாட்டி. நீ அழுது மூக்கைச் சிந்துவ. என் மானம் போயிடும்" என்றாள் நுக்கா.

"நான் ஏன்டி வரேன்? எனக்கு வேலை இருக்கு." கோப்பையை டொக்கென்று வைத்துவிட்டு அபெலோன் வெளியேறினாள். தெருமுனை திரும்பும்போதுதான் உறைத்தது. மறுபடியும் அதே முதுகு.

நடையைப் பன்னிரண்டுக்குள் முடித்துவிட்டு விமான நிலையத்துக்கு ஓடிவிடலாம் என்று நினைத்தாள். அன்றைய விருந்தாளி விடவில்லை. ப்ரெபென் என்ற அந்த ஓய்வுபெற்ற டேனிஷ் வாத்தியார் கேமராவோடு பாறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு பனிமலையாவது உடையாம நகர மாட்டேன்."

"பள்ளிக்கூட மணி அடிச்சா அது உடையாது, சார். எனக்கு ஒருத்தியை வழியனுப்பணும்."

"அப்ப நீங்க போங்கம்மா. எனக்கு வழி தெரியும்."

மணி பன்னிரண்டே முக்கால். அவள் மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தாள். வழி தெரிந்த மனிதர் எச்சரிக்கைப் பலகையைத் தாண்டிக் கரைக்கு இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு பனிமலை புரண்டால் போதும், எழும்பும் அலை அந்தக் கரையை வழித்துக்கொண்டு போய்விடும். ஊர்ப்பக்கம் பார்த்தாள். கீழே அந்த நீலத் தொப்பியைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள்.

அவரோ வர மறுத்தார். இன்னும் ஒரு படம், இன்னும் ஒரே ஒரு படம் என்று கெஞ்சியே ஒரு மணி நேரத்தைக் கரைத்தார். கடைசியில் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வர வேண்டியதாயிற்று. பாதி மேட்டில் இருக்கும்போது இரைச்சல் கேட்டது. நுக்காவின் சிவப்பு விமானம் பனிமலைகளுக்கு மேல் வளைந்து தெற்கே போய்ச் சிறுத்தது. அவ்வளவு நேரமும் ஒரு கைப்பிடிப் பனிகூட உடைந்து விழவில்லை.

அபெலோன் எங்கள் மொழியில் கத்தித் தீர்த்தாள். "மண்டையில மூளை இருக்கா? ஒருத்தி கோபமா திரும்பி நின்னா, அது தணியறவரைக்கும் இருக்கக் கூடாதா? அதுக்குள்ள போயே ஆகணுமா?" யாரைத் திட்டுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"என்னம்மா சொன்னீங்க?" என்றார் ப்ரெபென் மிரண்டு.

"பாத்து ஏறுங்கன்னு சொன்னேன்."

மாலையில் பாத்திரம் கழுவும்போது போன் அடித்தது. விமானம் மாறுகிற இடத்திலிருந்து நுக்கா.

"பொண்டாட்டி, ஜன்னல் வழியா பார்த்தேன். செவப்புச் சட்டைக்காரி ஒருத்தி ஒரு ஆளை வேட்டையில பிடிச்ச சீல் மிருகம் மாதிரி இழுத்துட்டுப் போனா. அது என் பொண்டாட்டின்னு பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். மனுஷன் வேற சீட்டுக்கு மாறிட்டார்."

அபெலோன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு இன்னொரு தட்டை எடுத்தாள். "கம்பளிக் கையுறை எடுத்துக்கிட்டியா?"

"ஆகஸ்ட்லயா? அடுத்த விமானத்துக்குக் கூப்பிடறாங்க. சொல்ல வந்ததைச் சொல்லு கிழவி."

ஈரக் கையோடு அபெலோன் தொட்டியை விட்டுத் திரும்பினாள். வாசலைப் பார்த்து நின்றாள்.

"பாத்துப் போ, நுக்கா."